ஒரே நோய் இல்ல டீச்சர், நாலு தனித்தனி சங்கதி

கொங்கு பக்கத்து டவுன் ஒண்ணுல இருந்து 39 வயசு ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க அஞ்சு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஸ்கூல் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

நாலு மாசமா வலது தொடையோட வெளிப்பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்கு மதமதன்னு இருக்காம். சில நேரம் சுடுதண்ணி ஊத்தின மாதிரி எரியுது, சில நேரம் போன் வைப்ரேட் ஆகுற மாதிரி இருக்கு, எடுக்கலாம்னு கைய வச்சா போன் டேபிள் மேல கிடக்குது. அஞ்சு வாரமா தலைக்குள்ள சுரீர்னு கரண்ட் அடிக்குது, கண்ண டக்குனு ஒரு பக்கம் திருப்பினா இன்னும் ஜாஸ்தி, அரை செகண்ட்தான், ஆனா அந்த அரை செகண்ட்ல கரண்ட் போயிட்டு வந்த டிவி மாதிரி ஆயிடுதுன்னு எழுதியிருக்காங்க. தூக்கம் கண்ணக் கட்டுற நேரத்துல தலைக்குள்ளயே பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், தூக்கிவாரிப்போட்டு எழுந்து உக்காந்தா வீட்ல வேற யாருக்கும் எதுவும் கேக்கல. இது காலேஜ் காலத்துல எப்பவாவது வந்ததுதான், இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை. அது போக மூணு வாரமா இடது கண்ணு கீழ் இமை துடிச்சுக்கிட்டே இருக்கு.

காது டாக்டர், கண் டாக்டர், ஈசிஜி, மூளை எம்ஆர்ஐ எல்லாம் பார்த்தாச்சு, எல்லாமே நார்மல். பக்கத்து கிளினிக்ல "நரம்புத் தளர்ச்சி"ன்னு சொல்லி அஞ்சு நரம்பு ஊசி எழுதிக் கொடுத்திருக்காங்க, இன்னும் போடல. மாமியார் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு தாயத்தும் கட்டிட்டாங்க. வீட்டுக்காரர் "அதான் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சே, எல்லாம் உன் நெனப்புதான்"னு முடிச்சுட்டார். இவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள்ல தேடி மூளை, முதுகுத்தண்டு நரம்புகள பாதிக்கிற மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், அதாவது எம்எஸ்னு முடிவு பண்ணியிருக்காங்க. கேக்குறது மூணு கேள்வி: முதுகுத்தண்டோட சேர்த்து ஃபுல் பாடி ஸ்கேன் எடுக்கணுமா, இது எம்எஸ்தானா, இல்ல எனக்கு பைத்தியம் பிடிக்குதா.

டீச்சர், கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். பைத்தியம் எல்லாம் இல்ல. நீங்க உணர்றது நெஜம். ஸ்கேன்ல தெரியலைன்னா அது இல்லைன்னு அர்த்தம் கிடையாது, எம்ஆர்ஐ எடுக்குறது மூளையோட வடிவத்த, உள்ள ஓடுற கரண்ட இல்ல. வீட்டு ஒயரிங்க போட்டோ எடுத்துட்டு வோல்டேஜ் ஏறி இறங்குறத அதுல தேடினா கிடைக்குமா. வீட்டுக்காரர்ட்ட இத நான் சொன்னதாவே சொல்லுங்க.

ஆனா நீங்களும் ஒரு இடத்துல வழுக்கிட்டீங்க. நாலு விஷயத்தையும் ஒரே கயித்துல கட்டி, அதுக்கு ஒரே பேரு தேடியிருக்கீங்க. உங்க கிளாஸ்ல ஒரே நாள்ல நாலு பசங்க லீவு போட்டா நாலு பேரும் ஒண்ணா சினிமாவுக்குப் போயிட்டாங்கன்னா முடிவு கட்டுவீங்க? ஒருத்தனுக்கு காய்ச்சல் இருக்கும், ஒருத்தன் ஊருக்குப் போயிருப்பான். நாலும் ஒரே நோயா இருக்கணும்னு தேடினதாலதான் கூகுள் உங்கள நேரா எம்எஸ்ல கொண்டுபோய் விட்டுச்சு. பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாதாரண விலாசம் இருக்கு.

தலைக்குள்ள அடிக்கிற கரண்ட்

உங்க லெட்டர்ல நாலாவது பக்கம் கீழ, போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. "அப்பா தவறினப்ப ஆரம்பிச்ச அந்த டென்ஷன் மாத்திரையையும் மே லீவுல நிறுத்திட்டேன், அது வேற விஷயம்"னு. மாத்திரை பேரு எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம், ஒன்றரை வருஷமா சாப்பிட்டிருக்கீங்க. பக்கத்து வீட்டு அக்கா அது தூக்க மாத்திரை, விட முடியாம அடிமையாக்கிடும்னு சொன்னதால டாக்டர்ட்ட கேக்காம ஒரே நாள்ல நிறுத்திட்டீங்க. லெட்டர்ல தேதிய எண்ணிப் பார்த்தேன், நிறுத்தி அஞ்சாவது நாள் முதல் கரண்ட் அடிச்சிருக்கு. டீச்சர், அது வேற விஷயம் இல்ல, அதேதான்.

மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுக்குற இந்த வகை மாத்திரைகள, அதாவது எஸ்சிடலோபிராம், பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் மாதிரியானத திடீர்னு நிறுத்துறவங்க நெறைய பேரு உங்க வார்த்தையவே சொல்லுவாங்க, தலைக்குள்ள கரண்ட், கண்ண அசைச்சா ஜாஸ்தி, கூடவே தலைசுத்தல், எரிச்சல், கலர் கலரா கனவு. மூளை ஒன்றரை வருஷமா செரட்டோனின்ங்கற ரசாயனம் ஒரு அளவுல இருக்கும்னு பழகியிருக்கு, நீங்க ஒரே நாள்ல அத உருவிட்டீங்க, அது தடுமாறுது. வழக்கமா ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சு சில வாரத்துல தானா அடங்கும், சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். இதனால மூளைக்கு நிரந்தர சேதம் வரும்னு பயப்பட வேண்டியதில்ல, ஆனா அவஸ்தைதான், அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

அந்த அக்கா சொன்னதுல ரெண்டு தப்பு. இது தூக்க மாத்திரை வகையே இல்ல. அடிமைன்னா அந்த மாத்திரைக்காக ஏங்குறது, டோஸ ஏத்திக்கிட்டே போறது, அப்படி எதுவும் உங்களுக்கு இல்ல. உடம்பு பழகுறது வேற, அடிமையாகுறது வேற. ஆனா உடம்பு பழகினத படிப்படியாத்தான் இறக்கணும், இத உங்க டாக்டர் ஆரம்பிக்கும்போதே அழுத்திச் சொல்லியிருந்தா உங்களுக்கு எம்ஆர்ஐ செலவு மிச்சம். எங்க டாக்டர் ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு.

இப்ப ரெண்டு வழி இருக்கு. அஞ்சு வாரம் தாண்டிட்டீங்க, கரண்ட் அடிக்கிறது குறைஞ்சுக்கிட்டே வந்தா, மனசு நல்லா இருந்தா, பொறுத்துப் போயிடலாம். குறையலைன்னா திரும்ப ஆரம்பிச்சு வாரக்கணக்குல, தேவைன்னா மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா இறக்கலாம். எதுன்னு முடிவு பண்ண வேண்டியது உங்க மனநல டாக்டர், அதனால இந்த வாரமே அவருக்கு போன் போடுங்க. டப்பால மிச்சம் இருக்குற மாத்திரைய கரண்ட் அடிக்கும்போது ஒண்ணு, அடிக்காதப்ப சும்மான்னு சாப்பிடுறத மட்டும் செய்யாதீங்க, அளவு ஏறி இறங்கி நிலைமை இன்னும் மோசமாகும். அது அடங்குற வரைக்கும் ஸ்கூட்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்தி வச்சா நல்லது.

இன்னொண்ணு, பழைய துக்கமே திரும்புதோன்னும் கவனிங்க. கரண்ட் அடிக்கிறது நிறுத்தின சில நாள்லயே வரும், பழைய சோர்வு திரும்புதுன்னா பெரும்பாலும் வாரங்கள் கழிச்சு மெதுவா வரும். வாழ்ந்து என்ன ஆகப்போகுதுங்கற மாதிரி எண்ணம் எட்டிப் பார்த்தா டாக்டர் அப்பாயின்மென்ட்டுக்கு காத்திருக்க வேண்டாம், 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு 2022ல மத்திய அரசு ஆரம்பிச்ச இலவச லைன், தமிழ்ல பேசலாம்.

மாத்திரை விஷயம் மாமியாருக்கும் ஸ்கூலுக்கும் தெரிஞ்சிடுமோன்னு எழுதியிருக்கீங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்ங்கறது உங்க உரிமை, உங்க டாக்டர் உங்க சம்மதம் இல்லாம மாமியார்ட்டயோ மேனேஜ்மென்ட்கிட்டயோ சொல்ல முடியாது. ஆனா நீங்க பார்க்குற ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் நீங்களே சொல்லிடணும். காது டாக்டர், கண் டாக்டர், கிளினிக் டாக்டர் மூணு பேர்ட்டயும் இத மறைச்சிருக்கீங்க, அவங்க எங்கதான் போய் தேடுவாங்க.

தொடை

நானும் தினம் புடவை கட்டுறவதான், அதனால கேக்குறேன், உள்பாவாடை நாடாவ எங்க முடிச்சு போடுறீங்க? வலது இடுப்பு எலும்பு முன்னாடி துருத்திக்கிட்டு இருக்குமே அதுக்குப் பக்கத்துலயா? புடவை நழுவக்கூடாதுன்னு இறுக்கிக் கட்டி, ராத்திரி அவிழ்க்கும்போது தோல்ல கோடு விழுந்திருக்குமா?

தொடையோட வெளிப்பக்க தோலுக்கு மட்டும் உணர்வு கொண்டுபோற நரம்பு ஒண்ணு அந்த எலும்பு ஓரமாத்தான் வளைஞ்சு இறங்குது. அங்க இறுக்கம் விழுந்தா மதமதப்பு, எரிச்சல், வைப்ரேஷன் எல்லாம் தொடைல தெரியும், இறுக்கின இடத்துல ஒண்ணும் தெரியாது. அதான் இதுல குழப்பமே. டைட் ஜீன்ஸ், பெல்ட், கர்ப்பம், எடை கூடுறது, சர்க்கரை இதெல்லாம் காரணமாகும், நீங்க இந்த வருஷம் 6 கிலோ கூடியிருக்கேன்னும் எழுதியிருக்கீங்க. இது தோலுக்குப் போற நரம்பு மட்டும்தான், தசைக்குப் போறதில்ல, அதனால கால் பலம் குறையாது. படி ஏறும்போது கால் மடங்கினாலோ, வலி முதுகுல கிளம்பி முட்டிக்குக் கீழ இறங்கினாலோ அது வேற கதை, அப்ப நேர்ல காட்டணும்.

நாடாவுக்குப் பதிலா அகல எலாஸ்டிக் வச்ச பாவாடை, இல்லைன்னா முடிச்ச இடம் மாத்தி தளர்த்திக் கட்டுறது, வீட்ல இருக்கும்போது நைட்டி, இப்படி ஆறு வாரம் பாருங்க. பெரும்பாலானவங்களுக்கு இதுலயே அடங்கிடும். வீட்டுக்காரர் மறுபடியும் எல்லாம் மனசுன்னு சொன்னா இத சொல்லுங்க, மனசப் பத்தியே ஆயுசு பூரா எழுதின சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே இதே தொடை மரப்பு இருந்துச்சு, 1895ல தன் காலையே உதாரணமா வச்சு ஒரு கட்டுரையும் எழுதினார், அத அவர் கனவுக் கணக்குல சேர்க்கல.

வெடிச் சத்தம், கண் துடிப்பு

படுத்து தூக்கம் இறங்குற நேரத்துல, மூளை ஒவ்வொரு பகுதியா லைட்ட அணைச்சுக்கிட்டு வருது. அந்த மாற்றத்துல ஏதோ ஒரு பகுதி அணையறதுக்குப் பதிலா ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சுடுதுங்கறதுதான் இதுக்கு பலரும் சொல்ற விளக்கம். சிலருக்கு மாடிப்படில கால் தவறின மாதிரி உடம்பு தூக்கிப் போடும், அது பெரும்பாலானவங்களுக்கு எப்பவாவது வர்றது. சிலருக்கு வெடிச் சத்தம். அமெரிக்க நரம்பியல் டாக்டர் வியர் மிட்செல் 1876லயே இத எழுதி வச்சிருக்கார், பியர்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் 1989ல 50 பேர விசாரிச்சு விவரமா எழுதினார், அதோட இங்கிலீஷ் பேர தமிழ்ல சொன்னா வெடிக்கும் தலைன்னு வரும், பேரக் கேட்டே பாதி பேருக்கு பிரஷர் ஏறிடும். ஆனா இதுல வலி இருக்காது, எதுவும் வெடிக்கல, ரத்தக்கசிவும் இல்ல. தூக்கம் கெட்டா, அலைச்சல் ஜாஸ்தியானா கூடும். மாத்திரைய நிறுத்தினதுல உங்க தூக்கம் கெட்டிருக்கு, அந்த வகையில கரண்ட்டுக்கும் இதுக்கும் தூரத்து சொந்தம் உண்டு. நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றாங்களே, முழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாம நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி, அதுவும் இதே மாதிரி தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவுல நடக்குற குளறுபடிதான்.

சத்தம் மட்டும்னா பயம் வேண்டாம். திடீர்னு வாழ்க்கைல இதுவரைக்கும் வராத தலைவலி, ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு ஏறினா, அது முற்றிலும் வேற, அப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கண் துடிப்புக்கு ரெண்டு வரி போதும். தூக்கமில்லாம, நாலு காபியோட, பேப்பர் திருத்துற கண்ணு துடிக்கத்தான் செய்யும், சில வாரத்துல நிக்கும். பொம்பளைங்களுக்கு இடது கண்ணு துடிச்சா நல்லதுன்னுதானே சாஸ்திரம், மாமியார் கணக்குப்படி பார்த்தாலும் உங்களுக்கு லாபம்தான். கன்னம், வாய்னு முகத்துல ஒரு பக்கமே இழுத்தாலோ, இமை தொங்கினாலோ மட்டும் காட்டுங்க.

ஊசி, ரத்த டெஸ்ட், ஃபுல் பாடி ஸ்கேன்

நரம்புத் தளர்ச்சின்னு ஒரு நோய் எங்க புத்தகத்துல இல்ல. என்னன்னு தெரியாதப்ப சொல்ற பேரு அது. ஆனா நரம்பு ஊசின்னு போடுறது பெரும்பாலும் வைட்டமின் பி12தான், அதனால அந்த கிளினிக்காரர் எழுதின ஊசில ஒரு நியாயம் ஒளிஞ்சிருக்கு. நீங்க சைவம், ரெண்டு வருஷமா தினமும் காலைல கேஸ் மாத்திரை, பான்டோபிரசோல் போடுறீங்க, இது ரெண்டுமே பி12 குறையறதுக்கு வழி. பி12 குறைஞ்சா வழக்கமா ரெண்டு பாதத்துலயும் மரப்பு ஆரம்பிக்கும், உங்களது ஒரு தொடையில மட்டும் இருக்கு, அதனால அதுதான் காரணம்னு நான் சொல்லல, ஆனா பார்க்காம விடக்கூடாது. ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுங்க, போட்டுட்டு பார்த்தா லெவல் ஏறித்தான் காட்டும், உண்மை மறைஞ்சிடும். பி12, ஹீமோகுளோபின், மூணு மாச சர்க்கரை, தைராய்டு, கால்சியம், இந்த அஞ்சு போதும். கேஸ் மாத்திரை இன்னமும் தேவையான்னும் எழுதிக் கொடுத்தவர்ட்ட கேளுங்க.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற நரம்பு மாத்திரைய மாசக்கணக்குல முழுங்காதீங்க. அதுல இருக்குற பி6 அளவுக்கு மிஞ்சினா அதுவே நரம்ப கெடுத்து மரப்ப உண்டாக்கும். மரப்புக்கு மாத்திரை, மாத்திரையால மரப்பு, அதுக்கு இன்னும் ரெண்டு மாத்திரைன்னு சுத்துறவங்கள நான் வாரா வாரம் பார்க்குறேன்.

எம்எஸ்? நம்ம நாட்டுலயும் இருக்கு, ஆனா ஐரோப்பா அளவுக்கு இல்ல. அது ஒரு தடவை வந்தா குறைஞ்சது ஒரு முழு நாள், பெரும்பாலும் நாள் கணக்கு வாரக் கணக்குல நீடிக்கும், ஒரு கண்ணுல பார்வை மங்கும், ஒரு கால் பலம் குறையும். அரை செகண்ட் வந்து போற கரண்ட், மாத்திரை நிறுத்தின அஞ்சாம் நாள் ஆரம்பிச்சது, மூளை ஸ்கேன் சுத்தம், இதெல்லாம் சேர்ந்தா எனக்கு எம்எஸ் நினைப்பே வரல. ஃபுல் பாடி ஸ்கேன் இப்ப வேண்டாம். 40 வயச நெருங்குற நெறைய பேருக்கு முதுக ஸ்கேன் எடுத்தா ஒரு டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கும், எங்கயாவது ஒரு சின்ன கட்டி, ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், தொந்தரவே தராத அதுக்காக அடுத்த ஆறு மாசம் நீங்க அலைவீங்க. எதத் தேடுறோம்னு தெரிஞ்சு எடுக்குற ஸ்கேன்தான் பிரயோஜனம்.

இதுல ஒண்ணு வந்தா காத்திருக்காதீங்க

வாய் ஒரு பக்கம் கோணுறது, ஒரு கை தொங்குறது, பேச்சு குழறுறது: பக்கவாதமா இருக்கலாம், உடனே 108, ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். ரெண்டு காலும் மரத்து அது நாளுக்கு நாள் மேல ஏறுறது. ஒண்ணுக்கு, வெளிக்குப் போறது கட்டுப்பாட்டுல இல்லாம போறது, உக்கார்ற இடம் மரக்குறது. ஒரு கண்ணு மட்டும் வலியோட மங்குறது. சில நிமிஷம் நினைவு தப்புறது, யாரோ கூப்பிட்டும் பதில் சொல்லாம வெறிச்சுப் பார்த்ததா மத்தவங்க சொல்றது. கழுத்த முன்னாடி குனிஞ்சா கரண்ட் தலைல இல்லாம முதுகு வழியா கீழ ஓடுறது, இது மத்ததவிட கொஞ்சம் பொறுக்கும், ஆனா ஒரு வாரத்துக்குள்ள நரம்பு டாக்டர பார்த்துடணும்.

நீங்க லெட்டரோட அனுப்பின நோட்டுப் பக்கங்களையும் பார்த்தேன், மூணு வாரத்துல 37 குறிப்பு, நேரம், இடம், எத்தனை செகண்ட்னு டீச்சர் கணக்கா கட்டம் போட்டு. ஸ்கூல் தொறந்த முதல் நாள் மட்டும் ஒரு குறிப்புகூட இல்ல, கவனிச்சீங்களா? புது அட்மிஷன் பசங்க அழுகை, டைம் டேபிள், பேரண்ட்ஸ்னு மூச்சு விட நேரமில்லாத அன்னைக்கு தொடை மதமதப்பு ஓடிப்போயிருக்காது, உங்களுக்குத்தான் அத கேக்க நேரமில்ல. பரீட்சை ஹால்ல பென்சில் விழுந்தா எப்படி கேக்கும், அதே பென்சில் இன்டர்வெல்ல விழுந்தா? கவனத்த எந்தப் பக்கம் திருப்புறோமோ அந்தப் பக்கத்து வால்யூம மூளை ஏத்திடும். உணர்வ உண்டாக்குறதுல மூளைக்கு இருக்குற பங்கு சாதாரணம் இல்ல, நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் கை எடுத்தவங்கள வச்சு இதத்தான் காட்டினார், இல்லாத கை வலிக்குதுன்னு சொன்னவங்களுக்கு கண்ணாடில நல்லா இருக்குற இன்னொரு கையோட பிம்பத்தக் காட்டினார், சிலருக்கு வலி தளர்ந்துச்சு. அவங்க யாரும் நடிக்கல. நீங்களும் நடிக்கல.

அதனால நோட்ட தூக்கிப் போட வேண்டாம், ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு வரி, இன்னைக்கு ஜாஸ்தியா கம்மியான்னு, அவ்வளவுதான். பகல்ல தொட்டுப் பார்க்குறது, தரைல கோடு வச்சு நடந்து பார்க்குறது, கூகுள், மூணுக்கும் லீவு விட்டுடுங்க. மதியத்துக்கு மேல காபி வேண்டாம். தாயத்து கிடக்கட்டும், அதால கெடுதல் இல்ல, மாமியாருக்கும் ஒரு நிம்மதி, நாடா முடிச்சு மேல மட்டும் அது உக்காராம பார்த்துக்குங்க.

மனநல டாக்டர பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைய கையோட எடுத்துட்டுப் போங்க, நிறுத்தின தேதிய நோட்டுல முதல் பக்கத்துல எழுதிக்குங்க. இந்த தடவை நாலாவது பக்கத்துக்குத் தள்ளாம உக்காந்ததும் முதல்ல அத சொல்லுங்க.